எண்ணெய் வைக்காமல் அனுப்பியவர்கள்

பெருவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. இந்த ஆவணியோடு எண்ணெய் தேய்க்கிற பலகையை மகனிடம் விட்டுவிடுகிறேன். கேள்விப்பட்டுப் பார்க்க வந்த உறவுக்காரப் பையன், "பிடிச்சு விடுகதுல என்ன மாமா இருக்கு? எண்ணெயும் கையும் இருந்தா யாரும் செய்யலாமே" என்றான். மார்த்தாண்டம் பக்கம் ரோட்டோரமாகக் கடை போட்டிருக்கிறான். 60 நிமிடத்துக்கு ஒரு விலை, 90 நிமிடத்துக்கு ஒரு விலை. பணம் கட்டினால் படுக்க வேண்டியதுதான். வந்தவரிடம் ஒரு கேள்வியும் கிடையாது.

தட்டல், இறுக்கல் முதலாகப் பிடித்துவிடுகிற ஒன்பது வகைத் தொக்கணமும் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தவை, விளக்கப்போவதில்லை. காயத்திருமேனித் தைலத்தை எந்தப் பதத்தில் இறக்குவது என்பதையும் விடுகிறேன். யாருக்கு இன்று எண்ணெய் வைக்கக்கூடாது என்பதைத்தான் சொல்ல வேண்டும். ஆசானிடம் நான் படித்ததில் பாதிக்கு மேல் அதுதான்.

சிலரைத் திருப்பி அனுப்ப யோசிக்கவே வேண்டாம். காய்ச்சல் உள்ளவரைத் தொடுவதில்லை. மழைக்காலத்தில் "நேத்து வரைக்கும் காய்ச்சல், இப்ப விட்டாச்சு, உடம்புதான் அடிச்சுப்போட்டாப்ல வலிக்கு" என்று வருபவரையும் அனுப்பிவிடுவேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து. தட்டணு குறைந்த உடம்பை அழுத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அழுத்துகிற வேலை ஆகாது. முதுகில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிகிறது, சட்டை உரசினாலே தாங்கவில்லை என்றால், கொப்புளம் வராவிட்டாலும் அக்கியாக இருக்கலாம். நாலைந்து நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்வேன். பாதம் மரத்துப்போன சர்க்கரைக்காரருக்குச் சூட்டுக்கிழி வைப்பதில்லை. அவருக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். இடது தோளும் தாடையும் சேர்ந்து வலிக்கிறது, வேர்க்கிறது என்பவருக்கு நாள் தள்ளிப்போடுகிற பேச்சே இல்லை. அந்த நிமிடமே வண்டி பிடித்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

என்னைக் கடைசி வரை படுத்தியது கெண்டைக்கால்.

தென்னை ஏறுகிறவரும் ரப்பர் வெட்டுகிறவரும் "கெண்டைக்கால் பிடிச்சிருக்கு" என்றுதான் வருவார். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டபடி வந்து இறங்கியவரும் அதையேதான் சொல்வார். முதல் ஆளுக்குத் தசைப்பிடிப்பு. எண்ணெய் வைத்தால் சாயங்காலம் மரம் ஏறுவார். இரண்டாவது ஆளுக்குக் காலின் உள்ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்தால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். பலகையிலேயே உயிர் போகலாம்.

ஆசான் என்னை நெடுநாள் எண்ணெய் தொட விடவில்லை. அடுப்படியில் தைலம் காய்ச்சுவது, வந்தவர் நடந்து வருவதைப் பார்ப்பது, இவ்வளவுதான் என் வேலை. ஆள் போனதும் கேட்பார்: "எலே, எந்தக் கால் தடிச்சிருந்து?" பார்க்கவில்லை என்றால் அன்றைக்குச் சோறு தாமதம். இரண்டு காலையும் சேர்த்து நீட்டவைத்துத்தான் பார்ப்பார், ஒரு காலை மட்டும் பார்க்கவே மாட்டார். புறங்கையை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துச் சூடு பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே நூலைச் சுற்றி இரண்டு காலையும் அளப்பார். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முனையிலிருந்து 10 செ.மீ. இறங்கி அளந்து, 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று இன்றைய டாக்டர்களும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆசான் டேப் பார்த்தவரில்லை.

அளவெல்லாம் முடிந்த பிறகும் அவர் நம்பியது கேள்வியைத்தான். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து வந்தாயா? ஆபரேசன் ஆயிற்றா? மாவுக்கட்டு போட்டிருந்தாயா? பெண்களென்றால், பிரசவமாகி எத்தனை நாள்? வீக்கமே இல்லாமலும் கட்டி இருக்கும், கைக்குத் தெரியாது. கைக்குத் தெரியாததை வாயால் கேள் என்பார். ஒரு படகு முதலாளி வீங்கிய காலோடு வந்து பலகையில் உட்கார்ந்துகொண்டு, பணத்தை எடுத்து வைத்தார். ஆசான் பணத்தை அவர் மடியிலேயே திருப்பி வைத்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரும்" என்றார். முதலாளி ஊரெல்லாம் ஏசினார். ஆசான் அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

இப்போதுள்ள பிள்ளைகள் மொபைலில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, பாதத்தை மேலே மடக்கி "வலிக்கா?" என்று கேட்கிறார்கள். வலி இல்லை என்றால் தேய்க்கிறார்கள். அந்தச் சோதனையை நம்பமுடியாது என்று டாக்டர்களே விட்டுவிட்டார்கள். கெண்டையைப் பிசைந்து பார்க்கிறவனும் இருக்கிறான். ஆசான் இருந்தால் அந்தக் கையிலேயே போட்டிருப்பார்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன? திருப்பி அனுப்பினால் காசு கிடையாது, பேர் கெடும், அடுத்த கடைக்காரன் சிரித்துக்கொண்டே படுக்கவைப்பான். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து ஒன்றுமில்லை என்றவர்கள் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தானே அனுப்பினேன்? வந்தவரையெல்லாம் படுக்கவைப்பதே கெட்டிக்காரத்தனம் என்று ஊர் நினைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தொழில் இறங்குமுகம்தான்.

எண்ணெய் தேய்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். காய்ச்சலையும் பயணத்தையும் ஆபரேசனையும் மறைக்காதீர்கள். ஒன்றும் கேட்காமல் பலகையைக் காட்டுகிறவனிடம் படுக்காதீர்கள். இன்று வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் தொழில் தெரிந்தவர். குணமானதும் அவரிடமே போங்கள்.