கையால் தீட்டும் இளவேனில் அட்டை

கையால் தீட்டும் வாழ்த்து அட்டை என்பது, ஒரே படத்தை அச்சில் ஆயிரக்கணக்கில் பெருக்கும் முறைக்கு மாறாக, ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியே தூரிகையால் முடித்துத் தரும் அட்டையைக் குறிக்கும். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்த கிறிஸ்துமஸ் அட்டை, விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை எனக் கருதப்படுகிறது. அதன் கோடுகள் கல்லச்சில் பதிக்கப்பட்டு, வண்ணங்கள் கையால் நிரப்பப்பட்டன. தமிழகத்தில் பொங்கல் வாழ்த்தை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தவை சிவகாசி அச்சகங்கள். உறையின் வாயை ஒட்டாமல் செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த தபால் தலையில் அனுப்பிவந்த பழக்கம் கைப்பேசி வந்த சில ஆண்டுகளில் ஓய்ந்தது. அச்சு அட்டை கடைக் கயிற்றிலிருந்து இறங்கிய பிறகே, கையால் தீட்டிய அட்டை அன்பளிப்புப் பொருளாகக் கண்ணாடி அலமாரிக்குள் இடம்பிடித்தது.

மூன்று புறம் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கிழக்கே வங்கக் கடலும் சூழ்ந்த காரைக்காலில் இந்த வேலைக்குத் தனியான ஒரு சூழல் உண்டு. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் அவர்கள் ஆட்சி முடிந்து, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த இந்தப் பகுதியில், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் பல. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சில் வாழ்வதால், அங்கு வசந்தம் தொடங்கும் மார்ச் மாதத்தை ஒட்டி அனுப்பும் அட்டை, இங்கு மாசியிலும் பங்குனியிலும், அதாவது தமிழ் மரபு பின்பனி என்று வகுத்த பருவத்திலேயே செய்து முடிக்கப்பட வேண்டியதாகிறது. சித்திரையும் வைகாசியும்தான் தமிழர் கணக்கில் இளவேனில்.

அட்டைக்கான காகிதம் தொழிலின் பாதி. ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் இயங்கிவருகிறது. பருத்தித் துணித் துண்டுகளை நீரில் அடித்துக் கூழாக்கி, அந்தக் கூழைக் கம்பிவலைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்தி எடுப்பதே கைக்காகிதம். சட்டத்தை நீரில் அசைத்து அள்ளும்போது இழைகள் எல்லாத் திசையிலும் விழுவதால், ஆலைக் காகிதத்தில் உள்ளது போல இழை ஒரே பக்கம் ஓடும் போக்கு இதில் மிகக் குறைவு. எனவே எந்தப் பக்கம் மடித்தாலும் மடிப்பு வெடிப்பதில்லை. 22க்கு 30 அங்குல முழுத்தாள் ஒன்றிலிருந்து, கையளவாக மடியும் அட்டைகள் பத்து கிடைக்கும். ஓரத்தை அளவுகோலால் அழுத்திக் கிழிப்பது, மடிப்புக் கோட்டைக் கீறுவது, உறை ஒட்டுவது ஆகியவை எங்கும் ஒன்றுபோல் நடப்பவை. அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வண்ணத்தின் கதை வேறு. அக்ரிலிக் வண்ணம் என்பது, நிறமித் தூளைச் செயற்கைப் பிசின் துகள்களோடு நீரில் கலந்த குழம்பு. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும், அதன்பின் நீர் பட்டாலும் கரையாது. ஓவியர்களுக்கான நீர்வழி அக்ரிலிக் 1950களில் அமெரிக்காவில் கடைக்கு வந்தது. இன்று காரைக்கால் எழுதுபொருள் கடையிலும் சிறு குப்பிகளில் கிடைக்கிறது. நீர்வண்ணத்தில் வெள்ளைப் பகுதியை முதலிலேயே காகிதமாக விட்டுவைக்க வேண்டும். அக்ரிலிக்கிலோ, கரும்பச்சை இலையைத் தீட்டிக் காயவிட்டு, அதன் மேலேயே வெள்ளைப் பூவை வைக்கலாம், டைட்டானியம் வெள்ளை கீழே உள்ள நிறத்தைப் பெரிதும் மறைத்துவிடும். வேப்பம்பூ அட்டை ஒன்று உருவாகக் காரணமாக இருப்பது இந்த ஒரு பண்புதான்.

பங்குனி முற்பகல் ஒன்றில், பாரதியார் வீதிக்குப் பின்புறக் குடியிருப்பில், ஒரு வீட்டுக் கூடத்தில் கவனிக்கப்பட்ட வேலையில் தூரிகையைவிட முக்கியமாக இருந்தது வேறொரு கருவி. காது துடைக்கும் பஞ்சுக்குச்சிகள், ‘பட்ஸ்’ என்று எல்லோரும் சொல்பவை, ஐந்தை ஒரு தென்னை ஈர்க்குத் துண்டைச் சுற்றி வட்டமாக நிறுத்தி, இரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டியிருந்தார் அங்கே அட்டை தீட்டிக்கொண்டிருந்த பெண். அதை வெள்ளையில் தொட்டு, பழைய சிற்றுண்டித் தட்டின் ஓரத்தில் ஒருமுறை தட்டி, இலையின் மேல் அழுத்தி எடுத்தால் ஐந்து இதழ் கொண்ட பூ ஒன்று ஒரே அழுத்தில் விழும். வேப்பம்பூவுக்கும் இதழ் ஐந்து, சரக்கொன்றைக்கும் இதழ் ஐந்து என்பதால் வெள்ளையை மஞ்சளாக மாற்றினால் அதே கட்டு கொன்றைக்கும் பயன்படும். நடுவில் ஈர்க்கு இல்லாவிட்டால் ஐந்து குச்சிகளும் சரிந்து ஒன்றையொன்று முட்டி, இதழ்கள் பிரியாமல் திட்டாகிவிடும். வண்ணத்தில் நீர் கூடினாலும் இதே கதிதான். குறைந்தால், பஞ்சு மேலெழும்போது நுனி நுனியாக மேடு நின்றுவிடும். பஞ்சு வண்ணத்தில் ஊறிக் காய்ந்து விறைத்துப்போனால் கட்டு வீண், புதியது கட்ட வேண்டும். “காயுற வரைக்கும்தாங்க இது நம்ம பேச்சைக் கேக்கும்” என்றார் அவர், அடுத்த பூவுக்காகக் கட்டைத் தொட்டபடியே. தட்டில் வண்ணம் உலராதிருக்க, நனைத்துப் பிழிந்த துணியின் மேல் பட்டர் பேப்பரை விரித்து அதில்தான் அவர் வண்ணங்களை வைத்திருந்தார்.

காய்ந்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவது பிழை. அக்ரிலிக் படலம் வெயிலில் இளகும் இயல்புடையது. கோடைச் சூட்டில் இரண்டு அட்டைகளின் தீட்டிய பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று பட்டுக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒன்றின் பூ மற்றதோடு போய்விடும். கடற்காற்றின் ஈரமோ நேர்மாறான சிக்கலைத் தரும்: தைப் பொங்கலுக்கான அட்டை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே தீட்டப்படுவதால், காயும் நேரம் நீண்டு, நனைந்த காகிதம் அலையலையாக நெளிகிறது, அதைப் பலகைக்கு அடியில் வைத்து, மேலே கனம் ஏற்றி நேராக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இந்த வேலையின் பெரும்பகுதி காத்திருத்தலாகவே இருக்கிறது. காத்திருத்தலை யாரும் கூலியில் கணக்கிடுவதில்லை.

கணக்கு இங்கே சொல்லப்பட வேண்டியது. எடுத்துக்காட்டாக, ஓர் அட்டையைத் தீட்ட 25 நிமிடமும், காகிதம், வண்ணம், உறைக்கு 12 ரூபாயும் ஆவதாக வைத்துக்கொள்ளலாம். கடை அதை 60 ரூபாய்க்கு விற்று, பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, விற்றபின் பணம் என்ற ஏற்பாட்டில் வாங்குமானால், பத்து அட்டைகளில் மூன்று விற்காமல் கைபட்டு அழுக்கேறித் திரும்பும்போது, தீட்டியவருக்கு வருவது 210 ரூபாய், போனது 120 ரூபாய், மீதி 90 ரூபாய்: நான்கு மணி நேரத்துக்கும் மேலான வேலைக்கு. விற்பனையின் இடரைத் தாங்க வேண்டியவர் கடை வைத்து வாழ்பவர். ஆனால் அந்த இடர் முழுவதும், தாளையும் வண்ணத்தையும் முன்பணமில்லாமல் தானே வாங்கிவைத்திருக்கும் பெண்ணின் தலையில் ஏற்றப்படுகிறது. இது வணிகத்தின் இயல்பு என்று விட்டுவிடக் கூடாத அநீதி; விற்காத அட்டையைத் திருப்பி அனுப்பும் உரிமை கடைக்கு இருக்குமானால், அழுக்கான அட்டையின் விலையைத் தரும் கடமையும் அதற்கு இருக்க வேண்டும். முன்பணம் பாதி, மீதி ஒப்படைத்த நாளில் என்று கேட்கும் துணிவு தனியாக வேலை செய்பவருக்கு வருவது கடினம். ஒரே தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வரும்.

எந்தப் பூ என்பதிலும் கடைக்காரரே ஆணையிடுகிறார். வசந்தம் என்றால் டியூலிப்பும் செர்ரிப் பூவும்தான் விற்கும் என்று மாதிரிப் படம் கொடுக்கப்படுகிறது. ஆனால் பிரான்சில் இருக்கும் பேத்திக்குக் காரைக்காலிலிருந்து வரும் அட்டையில் டியூலிப் எதற்கு? அது அவள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பங்குனி முடிவில் முற்றத்தில் உதிர்ந்து, சித்திரை முதல் நாளில் மாங்காய்ப் பச்சடியில் சேரும் வேப்பம்பூவைத்தான் அவளுக்கு அனுப்ப முடியும்.

அந்தப் பங்குனி முற்பகலில் அந்தப் பெண் முடித்த அடுக்கில் எட்டு அட்டைகள் டியூலிப், நான்கு வேப்பம்பூ. ஒவ்வொன்றுக்கும் இடையே பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்து, ஓரங்கள் சமமாக நிற்கும்படி மேசையில் ஒருமுறை தட்டி, நிழலான அலமாரியின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வைத்தார் அவர்.