நான்தான் அந்தப் பூச்சாண்டி

1/ போன ஞாயித்துக்கிழமை டியூட்டி இல்லை. பொண்ணுகூட உக்காந்து 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' பார்த்தேன். பிக்ஸாரோட 2001 படம். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. ஒரு இடத்துல மட்டும் என்னால சிரிக்க முடியல. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ பார்க்காதவங்களுக்குக் கதை. பூதங்களோட ஊரு. அங்க கரன்ட் வர்றதே குழந்தைகளோட அலறல்ல இருந்துதான். ராத்திரி அலமாரிக் கதவு வழியா குழந்தையோட ரூமுக்குள்ள போய் பயமுறுத்தணும், அலறலை சிலிண்டர்ல பிடிக்கணும். இதுக்குன்னே ஒரு கம்பெனி. அதுல நம்பர் ஒன், நீல முடி வச்ச சல்லிவன்.

3/ ஆனா பூதங்களுக்குக் குழந்தைங்கன்னா அதைவிட பயம். தொட்டாலே செத்துடுவோம்னு நம்புறாங்க. ஒரு நாள் ஒரு சின்னப் பொண்ணு கதவு வழியா இந்தப் பக்கம் வந்துடுறா. சல்லிவனைப் பார்த்து அவளுக்குப் பயமே இல்லை. பூனைன்னு கூப்பிடுறா.

4/ அப்புறம்தான் அந்த சீன். முதலாளி கேட்டதுக்காக பயிற்சி அறையில சல்லிவன் ஒரு உறுமு உறுமுறான். அங்கேயே நிக்கிற குழந்தை மிரண்டு அழுது அவனைவிட்டு விலகுது. நிமிர்ந்து பார்த்தா மானிட்டர் பூரா அவனோட மூஞ்சி. எனக்கு ஒரு பாப்பா ஞாபகம் வந்துச்சு.

5/ சில வருஷம் முன்னாடி. மழைக்காலம், குழந்தைகள் ஓபி, வரிசை வாசல் தாண்டி நிக்குது. ரெண்டு வயசுப் பாப்பா, மூணு நாளா இருமல், காய்ச்சல். "அழுதேன்னா டாக்டர் ஊசி போட்ருவாரு பாரு"ன்னு சொல்லிக்கிட்டே அம்மா தூக்கிட்டு வந்தாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே ஆமான்னு தலையாட்டினேன். அது அலறின அலறல்ல ஸ்டெத்ல ஒண்ணும் கேக்கல.

6/ இருமலோட வர்ற குழந்தைக்கு ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணணும். 2 மாசத்துல இருந்து 1 வயசுக்குள்ள 50, 1 வயசுல இருந்து 5 வயசுக்குள்ள 40. அந்த அளவோ அதுக்கு மேலயோ இருந்தா வேகமான மூச்சு, நிமோனியாவா இருக்கலாம். ஆனா குழந்தை அமைதியா இருக்கும்போதுதான் எண்ணணும். அழும்போது எண்ணினா அந்தக் கணக்கை நம்ப முடியாது.

7/ எனக்கு இது தெரியும். ஆனா எண்ணல. அழுறதுனாலதான் மூச்சு வாங்குதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு சிரப் எழுதி அனுப்பிட்டேன்.

8/ அரை மணி நேரம் கழிச்சு சிஸ்டர் வந்து நின்னாங்க. "சார், அந்தப் பாப்பா மருந்து வரிசையில அம்மா தோள்ல தூங்குது. எண்ணிப் பார்த்தேன், 56. நெஞ்சு உள்ள வாங்குது." ஓடினேன். அட்மிஷன், ஆக்சிஜன், ஆன்டிபயாடிக். நல்லபடியா பிழைச்சு வீட்டுக்குப் போச்சு. போற அன்னைக்கும் என்னைப் பார்த்ததும் அம்மா சேலைக்குள்ள மூஞ்சியை மறைச்சுக்கிச்சு.

9/ அந்த சிஸ்டர் பார்க்கலைன்னா? இன்னைக்கும் அதை யோசிப்பேன்.

10/ அலறலைவிட சிரிப்புக்கு பத்து மடங்கு சக்தின்னு படத்துல கடைசியில கண்டுபிடிப்பாங்க. எங்க ஓபியிலயும் கிட்டத்தட்ட அதேதான். அலறுற குழந்தைகிட்ட நோயைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

11/ இப்ப குழந்தையை அம்மா மடியில இருந்து எடுக்கிறதில்ல. தொடுறதுக்கு முன்னாடியே, தள்ளி உக்காந்து மூச்சை எண்ணிடுவேன். ஸ்டெத்தை முதல்ல அம்மாவுக்கு வச்சுக் காட்டுவேன். ஊசின்னா "வலிக்காது"ன்னு பொய் சொல்றதில்ல, "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சுடும்"பேன். கைக்குழந்தைன்னா தடுப்பூசி போடும்போது பால் கொடுக்கச் சொல்வேன், வலி குறையும். கூட்டமான நாள்ல எல்லாம் சரியா நடக்குதான்னா, இல்லதான். மூச்சு எண்ணுறதை மட்டும் விடுறதில்ல.

12/ பெத்தவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சோறு சாப்பிடலைன்னா, தூங்கலைன்னா, "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லவா"ன்னு மிரட்டாதீங்க. உங்க பிள்ளைக்கு மூச்சு வாங்குற அன்னைக்கு நான் அது பக்கத்துல வந்து எண்ணணும். அன்னைக்கு அது என்னைப் பார்த்து அலறக் கூடாது.