கார் நின்ற இடத்தில் ஒரு கட்டில்

மறைமலை நகரில் கார் இல்லாத வீட்டில்கூட கார் ஷெட் இருக்கும். ஊருக்குப் பெயர் தந்தவர் தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலை அடிகள். ஆனாலும் 'மகிழுந்துக் கூடம்' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. கார் ஷெட்தான்.

1980 வாக்கில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்து உருவாக்கிய புதுநகரம் இது. 1990-களில் ஃபோர்டு ஆலை வந்தது. 1999-ல் ஐகான் கார் இங்கிருந்துதான் வெளியே வந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக எழும்பின. வீடு கட்டியவர்கள் எல்லோரும் 'என்றைக்காவது கார் வாங்குவோம்' என்று முன்பக்கம் ஒரு ஷெட்டுக்கு இடம் விட்டார்கள்.

அந்தத் தம்பதியின் வீடும் அப்படித்தான். அவர் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஐகான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே கழுவித் துடைத்து வைத்திருந்தார். கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மாடியில் கல்லூரி போகும் மகளுக்கு ஓர் அறை. மூன்று பேருக்குத் தாராளமான வீடு.

நான்காவது ஆளாக அவருடைய அம்மா வந்தபோதுதான் வீடு சிறியதானது.

மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்தவர் அம்மா. 78 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கரோடு மகன் வீட்டுக்கு வந்தார். ஹாலின் ஓரத்தில் கட்டில் போட்டார்கள். பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி. சுற்றி, பழைய புடவையில் தைத்த திரை.

இரண்டு வாரம் கழித்து மருமகள் ஒன்றைக் கவனித்தார். காலையில் நிரப்பி வைக்கும் தண்ணீர்ச் சொம்பு சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

"ஏன் அத்தை, தண்ணியே குடிக்கலையா?"

"தாகமே எடுக்கலம்மா."

தாகம் எடுக்காமல் இல்லை. பால்காரர், கூரியர்காரர், பேத்தியின் தோழிகள் என்று ஹாலில் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். திரைக்குப் பின்னால் போக அவருக்குக் கூச்சம். அதனால் தண்ணீரையே நிறுத்திவிட்டார். அந்த மாதமே நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன.

"என்னங்க, அத்தைக்குத் தனியா ஒரு ரூம் வேணும்" என்றார் மனைவி அன்று இரவு. "கார் ஷெட்டை அடைச்சுடலாமா?"

இருவரும் போனில் வீடியோக்களைப் பார்த்தார்கள். கிடைத்ததெல்லாம் அமெரிக்கக் கராஜ்கள். மரச்சட்டம் அடித்து, குளிர் உள்ளே வராமல் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் மே மாத வெயிலுக்கு அதில் பாடம் எதுவும் இல்லை. "நாலு சுவர் வெச்சா ரூம்தானே, மேஸ்திரியைக் கூப்பிட்டா பத்து நாள்ல முடிச்சிடுவாரு" என்றார் அவர்.

மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்த இன்ஜினீயர் ஒருவரை முதலில் வரச் சொன்னார். வந்தவர் டேப்பை எடுக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்டார். "சார், உங்களுக்கு வேண்டியது ரூமா, பாத்ரூமா?"

நியாயமான கேள்விதான். கீழே இருந்த படுக்கையறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, அதன் குளியலறையை மட்டும் மாற்றினால் செலவு பாதிகூட ஆகாது. தம்பதி மாடியில் மகளின் அறைக்குப் பக்கத்தில் ஏதாவது செய்துகொள்ளலாம். மனைவி அதற்கும் தயாராகத்தான் இருந்தார். அம்மாதான் மறுத்தார். "உங்க ரூமைப் புடுங்கினு நான் படுக்கணுமா? அதுவும் அந்தப் பின்கட்டு ரூம்ல சுவரைத் தவிர பார்க்க என்ன இருக்குது? கிராமத்துல திண்ணைல உக்காந்தா தெருவே தெரியும்."

அந்தப் பேச்சை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்ஜினீயர் ஷெட்டை அளந்தார். உள்ளளவு 11 அடிக்கு 20 அடி. பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'இந்த ஷெட் இப்போது என்னென்ன வேலை செய்கிறது?' என்று எழுதச் சொன்னார். கார் நிற்கிறது என்று ஒரே வரியில் முடியும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பட்டியல் நீண்டது. கேட்டை ஒட்டி நாலடி அகலத்துக்குத் தரைக்கடியில் சம்ப். பக்கத்துத் தூணில் இ.பி. மீட்டர். மொட்டை மாடி மழைநீர் இறங்கும் குழாய், அது போய்ச் சேரும் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-ல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கியபோது வெட்டியது அது. இரண்டு ஸ்கூட்டர், செருப்பு ஸ்டாண்டு, மழை நாளில் துணி காயும் கொடி.

"இதுல ஒவ்வொண்ணுக்கும் வேற இடம் சொல்லுங்க. அப்புறம் சுவரைப் பத்திப் பேசலாம்" என்றார் இன்ஜினீயர்.

சம்ப் மூடி அறைக்குள் வந்தால் தொட்டி கழுவ ஆள் வரும்போதெல்லாம் கட்டிலை நகர்த்த வேண்டும். மேலும் சம்பின் மேல்தளத்தில் மண் நிரப்பிப் பாரம் ஏற்றவும் கூடாது. மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் அம்மாவின் அறைக்குள்தான் வர வேண்டும். கடைசியில், கேட்டிலிருந்து முதல் நாலடியை அடைக்காமலே விட்டுவிடுவது என்று முடிவானது. சம்ப், மீட்டர், மழைநீர்க் குழாய், செருப்பு எல்லாம் அங்கேயே இருக்கட்டும். அறைக்குக் கிடைத்தது 16 அடி.

அடுத்தது தரை. ஷெட் தரை வீட்டுத் தரையைவிட 2 அடி பள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஐகானின் சக்கரம் முழுகும் அளவுக்கு அதில் தண்ணீர் நின்றது. அந்தத் தரையிலேயே கட்டில் போட்டால் அடுத்த பெருமழையில் முதலில் நனைவது அம்மாதான். அதனால் மேடாக்கியே ஆக வேண்டும். ஆனால் ஷெட்டின் உயரம் 10 அடி 9 அங்குலம். வீட்டுத் தரை மட்டத்துக்கு 2 அடியும் ஏற்றிவிட்டால் தலைக்கு மேல் 8¾ அடிதான் மிஞ்சும். மனிதர் வாழும் அறை என்றால் 2.75 மீட்டர் உயரம், அதாவது 9 அடிக்குச் சற்று மேல், வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வெயில் ஏறிய தளம் தலைக்குப் பக்கத்தில் இருந்தால் இரவெல்லாம் அனல் இறங்கும்.

ஒன்றரை அடி மட்டும் ஏற்றினால் உயரம் 9¼ அடி. வீட்டோடு அரையடி வித்தியாசம் வரும். "ஒரே ஒரு படிதானே சார்" என்றார் மேஸ்திரி.

"அந்த ஒரு படிதான் மேஸ்திரி அத்தையைப் படுக்க வெச்சது" என்றார் மருமகள்.

படி வேண்டாம், சரிவுத்தளம். ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. அரையடிக்கு 6 அடி நீளம் போனது. சரிவுக்கு மூன்றரை அடி அகலம், அதன் பக்கத்தில் 7 அடிக்கு ஐந்தரை அடியில் குளியலறை, முன்னால் 11 அடிக்கு ஒன்பதரை அடியில் அறை. 104 சதுர அடி. விதித்தொகுப்பு கேட்கும் 9.5 சதுர மீட்டரை மயிரிழையில் தாண்டியது.

பழைய சிமென்ட் தரையின்மேல் அப்படியே சுவர் எழுப்பக் கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். கார் நிற்கப் போட்ட தரைக்கு அடியில் அஸ்திவாரம் கிடையாது. தூணுக்குத் தூண் தரையோடு பீம் போட்டு, அதன்மேல் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் வைத்தார்கள். கிராவல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டித்தார்கள். ஈரம் மேலே ஏறாதபடி தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன்மேல் கான்கிரீட். தரை உயர்ந்ததில் ஒரு லாபமும் இருந்தது. குளியலறைக் கழிவுக் குழாய்க்கு வேண்டிய வாட்டம் தானாகக் கிடைத்தது.

இதற்கெல்லாம் முன்னால் காகித வேலை. அனுமதி வரைபடத்தில் கார் நிறுத்தும் இடம் என்று காட்டியதை அறையாக்கினால், திருத்திய வரைபடம் போட்டு நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்றார் இன்ஜினீயர். காருக்கு வளாகத்துக்குள் வேறு இடம் காட்ட வேண்டும். கட்டடப் பரப்பு கூடினால் சொத்து வரியும் மாறும். "யாரு சார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று தெருவில் சிலர் சொன்னார்கள். நாளைக்கு வீட்டை விற்கவோ, அடமானக் கடன் வாங்கவோ போனால் வங்கிக்காரர் வந்து பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னால் காலியாக இருந்த திறந்தவெளியைக் கார் நிறுத்துமிடமாகக் காட்டி, முறையாகவே விண்ணப்பித்தார்கள்.

மொட்டை மாடியில் ஷெட்டுக்கு மேலே வெள்ளை நிற வெயில் ஓடு பதித்தார்கள். தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் இருந்தால்தான் நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காற்று போதும் என்பதால், கிழக்கே தெருவைப் பார்த்து ஒன்று, வடக்கே சந்தைப் பார்த்து ஒன்று என்று இரண்டு ஜன்னல். குளியலறைக்கு 3 அடி அகலத்தில் தள்ளு கதவு. உள்ளே யாராவது விழுந்துவிட்டாலும் வெளியிலிருந்து திறக்கலாம். கைப்பிடிக் கம்பிகளை எந்த உயரத்தில் வைப்பது என்று மேஸ்திரி கேட்டபோது, மருமகள் அத்தையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னார். கை தானாகப் போய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அதுதான் அளவு.

வெளிச்சுவர் எழும்பி ஜன்னல் சட்டம் வைத்த அன்று சாயங்காலம், அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டில் வரப்போகும் இடத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு நேராக, முன்வெளியில், தார்ப்பாய் போர்த்திய ஐகான் நின்றது. தெரு தெரியவில்லை. காரின் பக்கவாட்டுதான் தெரிந்தது. நகர்த்தி நிறுத்திப் பார்த்தார். இந்தப் பக்கம் நிறுத்தினால் கேட் திறக்காது. அந்தப் பக்கம் நிறுத்தினால் ஜன்னல் மறையும்.

இரண்டு நாள் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அந்தக் காரின் கதவு ரப்பர்களைச் செய்த லைனில்தான் அவர் வேலை பார்த்தார். ஆலையில் உற்பத்தி 2022-ல் நின்றபோதும், 'இது நம்ம ஊரு வண்டி' என்று அதை விற்காமல் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் அம்மாதான் பேச்சை எடுத்தார். "காரை இன்னாத்துக்குடா விக்கிறே? ராத்திரியில எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆஸ்பத்திரிக்கு எதுல கூட்டினு போவே?"

"108 இருக்குதும்மா. செங்கல்பட்டு என்ன தூரமா?"

"எனக்காக விக்கிறியா?"

"உனக்காக இல்ல. அதுக்கும் வயசாயிடுச்சு."

அடுத்த வாரம் ஒருவர் வந்து ஓட்டிப் போனார். வந்த பணம் குளியலறைச் செலவுக்குச் சரியாக இருந்தது. கேட்டைச் சாத்திவிட்டு வந்தவர், தரையில் கிடந்த பழைய துடைக்கும் துணியை எடுத்து மடித்து வைத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

'பத்து நாள் வேலை' இரண்டரை மாதம் ஆனது. திட்டத்தில் விட்டுப்போனதும் உண்டு. கட்டிலிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் லைட் சுவிட்ச் வைக்க எல்லோருமே மறந்துவிட்டார்கள். கூப்பிட மணியும் இல்லை. முதல் வாரம் அம்மா சொம்பைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் மருமகளைக் கூப்பிட்டார். எலக்ட்ரீஷியனை மறுபடி வரவழைத்து, புதுச் சுவரைக் கொத்தி வயர் இழுக்க வேண்டியிருந்தது.

அடைக்காமல் விட்ட அந்த நாலடியில் மேஸ்திரி மிச்சம் இருந்த பிளாக்குகளை அடுக்கி, மேலே கடப்பா கல் போட்டு ஒரு திண்ணை கட்டிக்கொடுத்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா சில சாயங்காலங்களில் அங்கே வந்து உட்காருகிறார். மற்ற நேரங்களில் ஜன்னல்தான். காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்களில் எது முதலில் வரும், எது தாமதமாக வரும் என்று இப்போது அவருக்குத்தான் தெரியும். "நீல பஸ்ஸு இன்னிக்கு வரல, லீவு போல" என்று மகனுக்குச் சொல்கிறார்.

அன்று மதியம் மருமகள் சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தபோது, ஜன்னல் திட்டில் இருந்த சொம்பைத் தூக்கிப் பார்த்தார். காலியாக இருந்தது.

"ரொப்பி வெச்சுட்டுப் போம்மா. வெயிலு அதிகமா கீது" என்றார் அத்தை, தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல்.