புதுசு எண்டு ஆர் சொல்லுறது?

வன்னியில் செயின் புளொக்கைக் காணாத ஆக்கள் குறைவு. ஏ9 வீதிக் கரையில் ஏதாவது ஒரு கராஜுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். மூன்று இரும்புக் குழாய்களை முக்காலி மாதிரி நிறுத்தியிருப்பார்கள். உச்சியில் ஒரு கொளுக்கி, அதில் தொங்குகிற ஒரு சின்ன இரும்புப் பெட்டி, பெட்டியிலிருந்து இறங்கும் சங்கிலிகள். ட்ரக்டர் எஞ்சினைக் கழற்ற, கிணற்றுக்குள் இருக்கிற பம்பை வெளியே எடுக்க, எல்லாத்துக்கும் அதுதான். கரண்ட் தேவையில்லை, டீசல் தேவையில்லை. ஒரு ஆள் நின்று சங்கிலியை இழுத்தால் ஒரு தொன் பாரம் மெல்ல மெல்ல மேலே போகும். கையை விட்டாலும் விழாது, அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

இந்தச் சாமானில் ஒரு மாற்றம் செய்த ஒருவருக்கு "இது புதுசுதான்" என்று ஒரு பேப்பர் கிடைக்குமா? அதைத்தான் நாங்கள் இந்த விடுமுறையில் தேடினோம். நாங்கள் நாலு பேர், நாலு பேரும் கலைப்பீடம். பொறியியலும் படிக்கவில்லை, சட்டமும் படிக்கவில்லை. ஆனால் ஒரு ஆவணத்தைக் கையில் தந்தால் அது என்ன சொல்லுது, என்ன சொல்லாமல் விடுது எண்டு வரிவரியாகப் பார்க்கத்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமையும் ஒரு ஆவணம்தானே.

விஷயம் இப்படித்தான் தொடங்கியது. கிளிநொச்சியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணை இருக்கிறார். எங்கட பக்கத்துக் கிணறுகள் வாய் அகன்றவை. பம்பைத் தூக்கும்போது செயின் புளொக்குக்கு நேர்கீழே நிற்க முடியாது. கிணற்றுக் கட்டில் நின்று சரிவாகத்தான் இழுக்கோணும். சரிவாக இழுத்தால் கைச்சங்கிலி சில்லின் பள்ளத்தை விட்டு வெளியே பாயும், முறுகும், இறுகும். பாரம் பாதியில் தொங்க, ஒருவர் ஏறித்தான் அதைச் சரிப்படுத்த வேண்டும். அண்ணை பழைய பரல் தகட்டை வெட்டி, இதுக்கு ஒரு காப்பு செய்து பூட்டினார். செய்து எட்டு மாதம். அதுக்குப் பிறகு சங்கிலி ஒருக்காலும் பாயவில்லை.

சாமான் விற்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, போனில் நாலு பக்கமும் படம் எடுத்தார். "அண்ணை, இதுக்கு பேட்டன்ட் எடுக்கலாம்" எண்டு சொல்லிப்போட்டுப் போய்விட்டார். அண்ணை சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எடுக்கலாம் சரி, ஆர் எடுக்கிறது?

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்குது எண்டு விளங்க வேண்டியிருந்தது. இதன் மூத்த வடிவம் வெஸ்ற்றன் கப்பி. இங்கிலாந்தின் கிங்ஸ் நோர்ட்டனைச் சேர்ந்த தோமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்ற்றன் 1854இல் கண்டுபிடித்தது. ஒரே அச்சில் இரண்டு சில்லு, ஒன்று கொஞ்சம் பெரிது, மற்றது கொஞ்சம் சிறிது. இரண்டிலும் முடிவில்லாத ஒரே சங்கிலி. பெரிய சில்லில் 10 பள்ளம், சின்னதில் 9 பள்ளம் என்று வையுங்கள். ஒரு சுற்றில் 10 பள்ள அளவு சங்கிலி மேலே ஏறும், 9 அளவு கீழே இறங்கும். மிச்சம் 1. அதையும் பாரத்தின் இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொள்ள, பாரம் அரைப் பள்ள அளவுதான் உயரும். 10 இழுத்து அரை உயர்ந்தால், வேக விகிதம் 20. உராய்வு மட்டும் இல்லையென்றால் 20 கிலோ பாரத்துக்கு 1 கிலோ இழுவை போதும். உண்மையில் எங்கட இழுவையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போய்விடும். அந்த நட்டம்தான் இங்கே நன்மை: அதனால்தான் கையை விட்டாலும் பாரம் தானாக இறங்காது.

இப்போது கராஜ்களில் இருக்கிறது அதன் பேரப்பிள்ளை. கைச்சங்கிலி ஒரு சில்லைச் சுற்றும், அது ஒரு சின்னப் பற்சில்லைச் சுற்றும், அது பெரிய பற்சில்லுகளைச் சுற்றும், கடைசியில் பாரச்சங்கிலியின் சில்லு மெதுவாகத் திரும்பும். ஒரு தொன்னுக்கு 30, 35 கிலோ இழுவை போதும். ஆனால் ஒரு மீற்றர் உயர்த்த 30 மீற்றருக்கு மேல் சங்கிலி இழுக்கோணும். சுகம் சும்மா வராது.

பற்சில்லுகளில் உராய்வு குறைவு. அப்ப பாரத்தைப் பிடிக்கிறது ஆர்? அதுக்குத் தனியாக ஒரு தடை. கைச்சில்லு புரியாணியில் பூட்டியது போல அச்சில் இருக்கும். மேலே தூக்க இழுக்கும்போது அது இறுகி, நடுவிலிருக்கும் உராய்வுத் தட்டுகளை அமத்தி, எல்லாம் ஒன்றாகச் சுற்றும். ஒரு சின்ன இரும்பு நாக்கு, வாள்பல் போன்ற சில்லின் பற்களில் ஏறி ஏறி விழும். "டக் டக்" என்று கேட்கிற சத்தம் அதுதான். இழுப்பதை நிறுத்தினால் பாரம் பின்னுக்குச் சுற்றப் பார்க்கும். ஆனால் நாக்கு பல்லில் மாட்டிப் பிடித்துக்கொள்ளும், பாரமே தடையை இன்னும் இறுக்கும். அதாவது, விழப் பார்க்கிற பாரமே தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த வகைத் தடைக்கும் வெஸ்ற்றனின் பெயர்தான். இதை வாசித்து விளங்கிய அன்று நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நேரம் வேறொன்றும் கதைக்கவில்லை.

வெஸ்ற்றனின் கப்பியைத் தயாரித்து விற்றவர்கள் பேர்மிங்ஹாமின் ரிச்சர்ட், ஜோர்ஜ் டாங்கி சகோதரர்கள். சீனத்து உருளையிலிருந்து வந்த யோசனைதான் இது என்று ரிச்சர்ட் டாங்கியே தன்வரலாற்றில் சொல்கிறார். ஒரு தண்டின் ஒரு பாதி பருத்தது, மறுபாதி மெலிந்தது, அதில் கயிறு. வெஸ்ற்றன் கயிற்றின் இடத்தில் முடிவில்லாச் சங்கிலியைப் போட்டார். 1862 லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் இதுக்குப் பதக்கம் கிடைத்தது. பிறகு வந்தது வழக்கு. ஒரு இரும்பு வார்ப்பாளர், இது 1858க்கு 30 வருஷம் முதலே பாவனையில் இருந்தது என்றார். வாயால் மட்டும் சொல்லவில்லை. ஒரு பழைய கப்பியையும் சங்கிலியையும் தூக்கிக்கொண்டு வந்து நீதிமன்றத்தில் வைத்தார். அது வேலை செய்கிற விதம் முக்கியமான இடங்களில் வேறு என்று நீதிபதி வில்லியம் பேஜ் வுட் டாங்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆக்கவுரிமை கொடுக்க முதல் "இது புதுசா" என்று அலுவலகம் தேடிப் பார்ப்பதில்லை. 1902 சட்டத்துக்குப் பிறகுதான் அந்தத் தேடல் வந்தது. அதுவரை சண்டை வந்தால்தான் சோதனை. இப்போது அந்தச் சோதனை முதலே நடக்கிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று கேள்வி கேட்கிறது. புதியதா? அந்தத் துறை தெரிந்த ஒருவருக்கு இலேசில் தோன்றாததா? தொழிலில் பயன்படுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் 20 வருட உரிமை. "புதியது" என்பது எங்கட ஊருக்குப் புதியது என்பதல்ல. உலகத்தில் எங்காவது, எழுத்திலோ பேச்சிலோ பாவனையிலோ முதலே வெளியில் வந்திருந்தால் அது பழசு.

சரி, நாங்களே ஒருக்கா சோதித்துப் பார்ப்போம் என்று இருந்தோம். உலகத்து ஆக்கவுரிமைகள் எல்லாம் வகைப்படுத்தி அடுக்கப்பட்டவை. முடிவில்லாச் சங்கிலியால் கையால் இயக்கும் தூக்கிகளுக்கு பி66டி 3/16 என்று ஒரு தட்டு. அதில் ஜப்பானிய ஆவணங்கள் குவிந்து கிடக்கின்றன. இயந்திர மொழிபெயர்ப்பில் தடக்கித் தடக்கி வாசித்தோம்.

பரிசோதகர் செய்வது இதுதான்: கோரலை உறுப்பு உறுப்பாக உடைப்பது. அண்ணையின் காப்பை நாங்கள் நாலாக உடைத்தோம். ஒன்று, கைச்சங்கிலி ஓடும் சில்லு. இரண்டு, சங்கிலியைப் பள்ளத்திலேயே வைத்திருக்கும் தகடு. மூன்று, சாவி இல்லாமல் கையாலேயே அதைக் கழற்றிப் பூட்டும் வசதி. நாலு, சரிவாக இழுக்கும்போது அந்தத் தகடு செய்கிற ஒரு வேலை. முதலாவது எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டாவது டாங்கி காலத்துச் சாமான். சங்கிலி பல்லை விட்டுச் சரியாகக் கழன்று போக அவர்களும் ஒரு வழிகாட்டி வைத்தார்கள். மூன்றாவதுக்குக் கிட்டியவை அங்கங்கே தட்டுப்பட்டன. நாலாவதை நாங்கள் தேடின இடத்தில் காணவில்லை.

நாலும் ஒரே ஆவணத்தில் இருந்தால்தான் "புதுசில்லை" என்று மறுக்கலாம். ஆனால் இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துவைத்து, "இதைச் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்கும்" என்றும் மறுக்கலாம். அந்த "யாரும்" ஒரு கற்பனை ஆள். துறையின் எல்லா ஆவணமும் அவருக்குத் தெரியும், ஆனால் கற்பனை குறைவு. எங்கட அண்ணை இதுக்கு நேரெதிர். ஒரு ஆவணமும் பார்த்ததில்லை, கை மட்டும் சும்மா இருக்காது.

இங்கேதான் எங்களுக்குள் பிரச்சினை வந்தது. அண்ணை வேலை பழகினது பொருளாதாரத் தடைக் காலத்தில். கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். அதையெல்லாம் முதலில் செய்தது ஆர்? ஒருவருக்கும் தெரியாது. அதை ஒருவரும் தன்னுடையது என்று பூட்டி வைக்கவில்லை, அதனால்தான் ஊரூராகப் பரவியது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். மற்றவன் சொன்னான்: "ஓம், ஆனா எழுதியும் வைக்கேல்லை. அதாலதான் ஒண்டும் மிஞ்சேல்லை."

இரண்டும் சரி. வெஸ்ற்றனின் உரிமையை 1876இல் அமெரிக்காவின் யேல் பூட்டுக் கம்பனி வாங்கியது. பிறகு காலம் முடிந்து எல்லாருக்கும் பொதுவானது. இண்டைக்கு எந்த ஹாட்வெயாரிலும் செயின் புளொக் வாங்கலாம். ஆனால் அவர் பெயர் நிற்கிறது, எப்படிச் செய்தார் என்பதும் நிற்கிறது. இங்கே பாருங்கோ: இரண்டு சில்லு உழவு இயந்திரம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வன்னியில் அது லாண்ட்மாஸ்டர்தான். அது ஒரு இங்கிலாந்துக் கம்பனியின் பெயர். 1950களில் அதை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. லாண்ட்மாஸ்டர் ஓடுகிற எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

அந்த இரும்பு வார்ப்பாளரிடம் நீதிமன்றத்தில் வைக்க ஒரு பழைய கப்பி இருந்தது. எங்களிடம் என்ன இருக்கிறது? 2009இல் சனம் கராஜையும் ஆயுதப் பெட்டியையும் விட்டுவிட்டு முள்ளிவாய்க்கால் வரை போனது. திரும்பி வந்தபோது ட்ரக்டரும் சைக்கிளும் பஸ்ஸும் துருப்பிடித்துக் குவியலாகக் கிடந்தன. பிறகு அவை பழைய இரும்பாக லொறி லொறியாகப் போயின. அதுக்குள் எத்தனை பேர் கைப்பட மாற்றிச் செய்த பாகங்கள் இருந்திருக்கும்? பாவனையும் சாட்சிதான் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பாவித்த சாமானே உருகிப் போய்விட்டால் என்ன செய்வது?

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கண்டுபிடித்தவரே வெளியில் காட்டியிருந்தால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம், ஆகவே இன்னும் நாலு மாதம் இருக்கு என்றோம். கொழும்பு அலுவலகம், செலவு, அலைச்சல் எல்லாம் சொன்னோம். அவர் கேட்டுவிட்டு, "பிள்ளையள், பேப்பர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஆனா நாளைக்கு வேற ஆரும் வந்து, இது தன்ரை, நீ செய்யாதை எண்டு எனக்குச் சொல்லக்கூடாது" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் அவருக்கு வேண்டியது முழுக்க இருக்கிறது. சட்டப்படி உரிமை கண்டுபிடித்தவருக்குத்தான். ஆனால் "நான்தான் செய்தேன், இந்தத் திகதியில் செய்தேன்" என்று காட்ட ஏதாவது வேண்டும். அது எங்களால் முடிந்த வேலை. இரண்டு நாள் கராஜில் இருந்து அளந்தோம், வரைந்தோம், படம் எடுத்தோம், அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். திகதி போட்டு, அவரும் நாங்களும் கையெழுத்து வைத்தோம். கொப்பி அவரிடம் இருக்கிறது. அந்த நாலாவது உறுப்பு என்னவென்று இங்கே நாங்கள் எழுதவில்லை, கவனித்திருப்பியள். எழுதினால் அது உலகத்துக்கே வெளியிட்டதாகிவிடும். விண்ணப்பிக்கிறதா, எல்லாருக்கும் சும்மா கொடுக்கிறதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். அவர் "போடுங்கோ" என்று சொல்லுகிற அன்றைக்கு முழு வரைபடத்தோடும் போடுவோம்.

அதுவரை உங்களிடம் ஒரு கேள்வி. உங்கட ஊர் கராஜில், அரிசி ஆலையில், வாடியில், வயல் கொட்டிலில் கடையில் வாங்காத ஒரு பாகம் கட்டாயம் ஓடிக்கொண்டிருக்கும். செய்தவரிடம் போய்க் கேளுங்கோ: முதல் என்ன பிரச்சினை இருந்தது? எதை மாற்றினீங்கள்? எப்ப? மாற்றினதுக்குப் பிறகு என்ன வித்தியாசம்? இந்த நாலுக்கும் பதில் எழுதி, ஒரு படம் வரைந்து, திகதி போட்டுச் செய்தவரின் கையிலேயே கொடுத்துவிடுங்கோ. பழைய இரும்பு லொறி இப்பவும் கிழமைக்கு ஒருக்கா வந்துகொண்டுதான் இருக்கிறது.