அடுப்பங்கரையோடு ஓர் அறை

ஆயிரம் விளக்குப் பக்கம் சர்வீஸ் அபார்ட்மெண்ட் நடத்த வருகிறவர்கள் முதலில் மெத்தையைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை அங்குலம், வெள்ளை விரிப்பா, கலர் விரிப்பா? நான் அவர்களை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போவேன். இங்கே வீட்டைப் பார்த்துச் சரி சொல்வது பெரும்பாலும் நோயாளி அல்ல. கூட வரும் அம்மாவோ மனைவியோ அக்காவோதான். அவர்கள் கட்டில் பக்கம் திரும்புவதுகூட இல்லை. நேரே போய்க் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள்.

1978-இல் சங்கர நேத்ராலயா, 1983-இல் அப்போலோ. கிரீம்ஸ் சாலைச் சந்துகளில் எங்கள் தொழில் தழைத்தது இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளை நம்பித்தான். கொல்கத்தா, அஸ்ஸாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வாரக்கணக்கில் ஓட்டல் சாப்பாடு யாருக்கும் ஒத்துவராது; அதிலும் நம் சாம்பார் அவர்களுக்கு மூன்றாம் நாளே சலித்துவிடும்.

வீட்டு உபயோக சிலிண்டரை எங்களைப் போன்ற இடத்தில் வைக்கக் கூடாது. வணிக சிலிண்டரை அறைக்கு அறை வைக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே இண்டக்ஷன் அடுப்பு. அதற்கு ஏற்ற பாத்திரம் வாங்க நான் ஒரு காந்தத்தோடு கடைக்குப் போவேன். அடியில் ஒட்டினால்தான் வாங்குவது. அவர்களோ ஊரிலிருந்து அலுமினியக் கடாயைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். அன்று மாலையே, 'அடுப்பு ரிப்பேர்' என்று போன் வரும்.

கத்தியோடு ஓர் அரிவாள்மனையும் வைப்பேன். சிந்தாதிரிப்பேட்டையில் ரோகு மீன் வாங்கிவந்து, தரையில் உட்கார்ந்து அவர்கள் நறுக்கும் நேர்த்தியை நின்று பார்க்கலாம். கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சாமல் அவர்களுக்குச் சமையல் கிடையாது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருமுன் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிடுவது புத்திசாலித்தனம். அரிசியில் சிக்கலே இல்லை. அவர்களுக்கும் புழுங்கல் அரிசிதான்.

குளியலறையில் அழகு பார்க்கிறவர்கள் ஷவருக்குச் செலவழிப்பார்கள். தையல் போட்ட இடம் நனையக் கூடாது; வாளி, குவளை, வழுக்காத ஒரு ஸ்டூல், சுவரில் கைப்பிடி போதும். தாழ்ப்பாள் மட்டும் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டிருக்க முடியாது.

விழித்திரை அறுவையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்புவார்கள். அவர்களில் பலர் நாள்கணக்கில் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். மிருதுவான தலையணை அங்கே உதவாது. நெற்றியை முட்டுக்கொடுக்கக் கெட்டியான தலையணையும் சரியான உயரத்தில் ஒரு மேசையும் வேண்டும். அந்த வாயு கரைகிறவரை விமானம் ஏறவும் கூடாது. உயரே போனால் அது விரிந்து கண்ணை அழுத்தும். டிக்கெட் கையில் இருந்தும் சென்னையிலேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களிடம், 'எப்போது காலி செய்வீர்கள்?' என்று நான் கேட்பதில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால் பதில் தானே வந்துவிடும்.

வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். எங்கள் வாயில் அது 'சி ஃபார்ம்'. நள்ளிரவில் களைத்துவந்து நிற்கிறவரிடம் ஜெராக்ஸ் கேட்க மனம் வராது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தினமும் போய்ப் பெருக்கித் துடைப்பது ஓட்டல் வழக்கம். இங்கே மதியம் தூங்குகிற நோயாளி இருப்பார், தொழுகிறவர் இருப்பார், அழுகிறவரும் இருப்பார். முந்தின நாளே நேரம் கேட்டுவைத்துக்கொண்டு, மின்விசிறி இறக்கையை ஈரத்துணியால் துடைத்து, குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று வேலைக்கு வரும் பெண்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பேச்சுக் கொடுப்பது தங்கியிருக்கிறவர்கள் விருப்பம்.

என் முதலாளிக்கும் எனக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு, செக்-அவுட் நேரம். காலையில் டிஸ்சார்ஜ் என்று சொல்வார்கள். பில் முடிந்து, இன்சூரன்ஸ் அனுமதி வந்து, மருந்து வாங்கி நோயாளி வெளியே வர விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். பகல் 12 மணியைத் தாண்டினால் முழு நாள் வாடகை என்பது அவர் சட்டம். இரவு ரயில் ஏறுகிறவரிடம் நான் அரை வாடகைதான் வாங்குகிறேன். அவருக்கு இதில் இன்றுவரை உடன்பாடில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களிடம், 'யார் சொல்லி வந்தீர்கள்?' என்று கேட்டு எழுதிவைக்கும் நோட்டை மாதக் கடைசியில் அவரும் புரட்டிப் பார்க்கிறார்.