ஆரஞ்சுத் தோல் குழம்பும் பச்சைப் பூஞ்சையும்

ஆரஞ்சுத் தோலைத் தூக்கி எறியாத ஜனங்க நாம. பொடியா நறுக்கி, நல்லெண்ணெயில வதக்கி, புளி ஊத்திக் குழம்பு வைக்கறோம், பச்சடி பண்றோம். நாக்பூர்ல குடியிருக்கற தமிழ்க் குடும்பங்கள்ல சீசனுக்கு நாலு தடவையாவது இது உண்டு. அதனாலதான் பழம் அழுகாம இருக்க அது மேல என்ன பூசறாங்கங்கறது நமக்குக் கொஞ்சம் கூடுதலாவே முக்கியம்.

பெட்டியில ரெண்டு நாள்ல பச்சை பூத்துக் கிடக்கே, அது பெனிசிலியம் டிஜிடேட்டம்ங்கற பூஞ்சை. முதல்ல ஒரு இடம் நீர் கோத்து மெத்துனு ஆகும். அப்புறம் வெள்ளை. அப்புறம் பச்சைப் பொடி. ஆனா நல்ல தோல் வழியா இதால உள்ளே நுழைய முடியாது. காயம் வேணும். நகக்கீறல், முள் குத்தினது, இழுத்துப் பறிச்சதுல காம்படியில கிழிஞ்சது... நாக்பூர் ஆரஞ்சுக்கோ தொளதொளன்னு லூசுத் தோல். லேசுல அடிபடும்.

இதைத் தடுக்க கார்பெண்டசிம், தயாபெண்டசோல், இமசலில் மாதிரி மருந்துகளைத் தண்ணியிலயோ மெழுகுலயோ கலந்து பூசறது உலகம் பூரா உள்ள வழக்கம். (எல்லாப் பெட்டியிலயும் இருக்குன்னு சொல்ல வரலை!) பூசினதுல பெரும்பகுதி தோல்லயே தங்கிடும். உரிச்சுத் தின்றவங்களுக்கு அது பெரிய விஷயமா தெரியாது. நம்ம குழம்புக்குத் தெரியும். போதாததுக்கு, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டதுல அதுக்கு மசியாத பூஞ்சைகளும் பல ஊர் பேக்கிங் கூடங்கள்ல வந்தாச்சு.

மாற்று இருக்கா? இருக்கு.

ஒண்ணு, நம்ம சமையல் சோடா. நூத்துக்கு ரெண்டு மூணு பங்கு கரைச்ச தண்ணியில பழத்தை முக்கி எடுக்கறது. இந்தப் பூஞ்சைக்குப் புளிப்புதான் பிடிக்கும். சோடா காயத்துக்குள்ள போய் அந்தப் புளிப்பை முறிச்சிடும். ஆனா வித்துக்களைக் கொல்லாது, முளைக்க விடாம நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான்.

ரெண்டு, வெந்நீர். இஸ்ரேல்ல பழங்களை பிரஷ் மேல உருட்டிவிட்டு, 56லேர்ந்து 62 டிகிரி வரைக்கும் உள்ள வெந்நீரை 20 செகண்ட் போல தெளிக்கற முறை 1990கள்ல வந்தது. நேரம் கூடினா தோல் வெந்துடும்.

மூணாவது, பூஞ்சைக்குப் பங்காளி ஒருத்தனை விடறது. கேண்டிடா ஓலியோஃபிலாங்கற ஈஸ்ட் காயத்துல முதல்ல குடியேறி, அங்க கசியற சர்க்கரையைத் தின்னு தீர்த்துடும். பின்னாடி வர்ற பூஞ்சைக்குப் பட்டினி. 1990களின் நடுவுல இதை வியாபாரமாவே அமெரிக்காவுல வித்தாங்க. ஆராய்ச்சிக்கூடத்துல செஞ்ச அளவுக்குக் கூடத்துல ஒரே மாதிரி வேலை செய்யலை. சில வருஷத்துல கடையிலேர்ந்து போயிடுச்சு.

இந்த மூணுக்கும் பொதுவா ஒரு பலவீனம். இவை காவல்காரங்க மாதிரி, வைத்தியர் இல்லை. பூஞ்சை காயத்துக்குள்ள ஒரு நாளுக்கு மேல வேர் விட்டாச்சுன்னா பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. அதனால உண்மையான முதல் மருந்து கத்திரிக்கோல்தான். பனி ஈரம் காய்ஞ்சப்புறம், இழுக்காம, காம்பை ஒட்ட வெட்டி எடுத்த பழத்துல பூஞ்சை நுழைய வழியே குறைவு.

காட்டோல் பக்கம் தோட்டம் வச்சிருக்கற ஒருத்தர்கிட்ட இதைக் கேட்டேன். "பாவு, வெட்டித் தர்றேன். ஆனா பறிக்கற ஆளுக்கு நாள் கூலி. இழுத்தா நூறு பெட்டி, வெட்டினா அறுபது. மீதி நாப்பதை யார் கொடுப்பா?"ன்னார். அவர் கேட்டதுல தப்பே இல்லை. மருந்து அந்தக் கூலியை விட மலிவு, அதனாலதான் அது ஜெயிக்குது. இப்ப அவர்கிட்ட கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்துதான் வாங்கறேன்.

ஊருக்குப் பெட்டி அனுப்பறவங்களுக்கு ரெண்டு வார்த்தை: காம்புப் பொட்டு ஒட்டியிருக்கற பழமாப் பாருங்க. கழுவாம, வைக்கோல் போட்டு அடுக்குங்க. பிளாஸ்டிக் பை வேண்டாம். வழியில ஒண்ணு பூத்தா அதை முழுசா எறிஞ்சிடச் சொல்லுங்க, வெட்டிட்டு மீதியைத் தின்ன வேண்டாம். பளபளன்னு மெழுகு மின்னற கடைப் பழத்தை உரிச்சு மட்டும் சாப்பிடுங்க. குழம்புக்கு, பறிச்ச கை யாருன்னு தெரிஞ்ச பழம் போதும்.