நாவிதன்வெளியில் பொன் அரித்த கதை

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளி. மாரியில் வெள்ளம் தாம்போதிக்கு மேலாற் பாய, இரு கரையும் இரு நாடுகளாகிவிடும். நாம் சென்றதோ நீர் வற்றிய காலம்.

எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன், வாய்க்கால் மணலிற் பொன் மின்னுகிறதென்று கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தான். வெள்ளத்தில் வேளாண்மையை இழந்த வீடு அவனுடையது. சிரித்து அனுப்ப மனம் வரவில்லை. மணல் இருக்குமிடத்துக்கே சென்று அரித்துப் பார்ப்போம் என்றோம்.

பொன் அரிப்போர், சரிவாக வைத்த பலகை வாய்க்காலிற் குறுக்குச் சட்டங்கள் அடித்து, மணலையும் நீரையும் ஓடவிடுவர். பொன்னின் அடர்த்தி நீரைப்போல் 19 மடங்கு. சாதாரண மணலுக்கு மூன்று மடங்குகூட இல்லை. ஆகவே மணல் ஓட, பொன் சட்டத்தருகே தங்கும். ஆனால், பருங்கற்கள் கலந்து வந்தால் அவற்றைத் தள்ள வேகமான நீர் வேண்டும்; அந்த வேகமே நுண்பொன்னையும் அள்ளிச் சென்றுவிடும். எனவே முதலிற் சல்லடை.

பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை, ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டு அறுத்தோம். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அவ்வோரத்திற் படியவைத்துக் கட்டினோம். வலையின் முனைகளை மடக்க மறந்ததற்கு எம் பெருவிரலே சாட்சி. நீர் நிறைந்த இன்னொரு வாளிக்குள் இதனை இறக்கி, இடமும் வலமும் திருக வேண்டும். களிமண் கட்டிகளைக் கையாற் கரைக்காவிடில், பொன் அவற்றோடு ஒட்டிப் போய்விடும்.

சோதனைக்காக, வீச்சுவலை ஈயத்தை நறுக்கிப் பத்துத் துண்டுகளை மணலிற் கலந்தோம். சலிக்காமல் ஓடவிட்டபோது நான்கே மீண்டன. சலித்து, நீரைத் தணித்தபோது ஒன்பது!

“அரிக்கன்சட்டி கிடக்க, இதென்ன கூத்து மாஸ்டர்?” என்றார் மாணவனின் அம்மம்மா. அரிசியை வழியவிட்டுக் கல்லைப் பிடிக்கும் அச்சட்டியின் உட்கோடுகள்தாமே எம் பலகைச் சட்டங்கள்! சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

பொன்னாசை பெரியோரையும் விட்டதில்லை. நீலகிரியின் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் 1880ஐ அடுத்த ஆண்டுகளில் ஆங்கிலேயக் கம்பனிகள் பெரும்பணம் கொட்டி இயந்திரங்கள் நிறுவின. சில ஆண்டுகளிற் கைவிட்டுப் போயின. அப்பகுதிப் பழங்குடிகளோ, அதற்கு முன்பே ஓடை மணலை மரத்தட்டில் அரித்து வந்தவர்கள்.

இறுதியில் மாணவனின் மணலை இட்டோம். மின்னிய துகள்கள் யாவும் நீரோடு போயின. அப்பிரகம்! சட்டத்தருகே கொஞ்சம் கருமணல் மட்டும் நின்றது.

அவன் நெடுநேரம் பேசவில்லை. நாம் புறப்படும்போது வாளியைத் தூக்கிப் பார்த்தான்.

“இதை நான் எடுக்கட்டா சேர்? வெள்ளத்தில இடிஞ்ச சுவர் கட்ட மணல் அரிக்கலாம்.”